களவா மீனுக்கு ஒரு கேமராப் பெட்டி

பெசன்ட் நகர் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் தாயாரோடு வசித்த ஜெயபாரதி, பால்காரர் எதிரிலேயே பாலை லாக்டோமீட்டரில் அளக்கிறவள். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். வயது முப்பத்தைந்து. எதையும் ஒருமுறை சொன்னதற்காக நம்பமாட்டாள். அப்படிப்பட்டவளையே ஒருத்தி நம்பவில்லை என்றால் எப்படி இருக்கும்?

1973 மே மாதம் மாணவிகளைப் பாம்பனுக்கு அருகே குருசடைத் தீவுக்கு அழைத்துப் போயிருந்தாள். இடுப்பளவு நீரில் முகக்கண்ணாடி போட்டுக் குனிந்து பார்த்தபோது, முழங்கை நீளக் களவா மீன் ஒன்று பவளப்பாறை ஓரத்தில் வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் நின்றது. உடம்பில் கறுப்புக் கோடு போட்ட சுண்டுவிரல் மீன் ஒன்று அந்த வாய்க்குள் போய், பல் இடுக்கில் எதையோ கொத்தித் தின்றுவிட்டு நிதானமாக வெளியே வந்தது. பார்த்ததை அப்படியே வரைந்து, ஊர் திரும்பியதும் அறிக்கையோடு கொடுத்தாள்.

துறைத் தலைவி காமாக்ஷி படத்தைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜெயபாரதி, வெளிநாட்டுப் பத்திரிகையில இது வந்திருக்கு. படிச்சதைப் பார்த்ததா எழுதப்படாது."

"நான் கண்ணால பார்த்தேன் மேடம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிண்டு வரா."

அன்று மாலை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவளுக்குக் காது சூடாகவே இருந்தது. தண்ணீருக்குள் படம் எடுத்தே தீர்வது என்று முடிவு செய்தாள். எதை வைத்து எடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடைகள் முளைத்திருந்தன. அங்கே சர்தார் என்பவர், தண்ணீருக்குள்ளேயே எடுக்கும் ஜப்பான் கேமரா ஒன்று இருப்பதாகக் காகிதப் பையைத் திறந்து காட்டினார்.

"சிங்கப்பூர் சரக்கு மேடம். கை படாதது."

ஜெயபாரதி மூடியைத் திருகித் திறந்தாள். ரப்பர் வளையத்தின் பள்ளத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். உப்பு.

"கை படாததுக்கு உப்பு எப்படிப் பட்டுது?"

"கப்பல் காத்து மேடம்!"

"ஒரு பக்கெட் தண்ணி கொண்டு வாங்க. அஞ்சு நிமிஷம் முக்கிப் பார்க்கலாம்."

சர்தார் கேமராவைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "வாங்குறதுக்கு முன்னாடி முக்க முடியாது."

"முக்காம வாங்க முடியாது" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மிச்சமிருந்தது ஒரே வழி. சர்வே இலாகாவில் இருந்த அப்பா விட்டுப்போன சின்ன ஜெர்மன் கேமரா வீட்டில் இருந்தது. அதைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வைத்து எடுப்பது. தி. நகர்ப் புடவைக் கடைகளுக்குப் கண்ணாடி மாதிரி தெரிகிற பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் தகட்டில் பெயர்ப்பலகையும் காட்சிப் பெட்டியும் செய்து தருகிற வலியுல்லா என்பவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, சிந்தாதிரிப்பேட்டையில் அவர் பட்டறையைத் தேடிப் போனாள். ஐம்பது வயது மனிதர், வெள்ளைத் தொப்பி, லேத்து எண்ணெய் படிந்த விரல்கள். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, வேலையை நிறுத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"தண்ணிக்கு அடில இன்னாத்த படம் எடுப்பீங்க?"

"மீனை."

"மீனுதான் மார்க்கெட்ல கீதே! குளிக்கிற பொம்பளைங்கள எடுக்க எவனாச்சும் உங்கள அனுப்பிக்கிறானா? இல்ல கள்ளச் சரக்கு எறக்குற கும்பலா? எனக்குப் போலீஸ் வாசல் தெரியாதும்மா. காலேஜ்ல லெட்டர் வாங்கினு வாங்க."

வேறு வழியின்றிக் காமாக்ஷியிடமே போய் நின்றாள். அவர் கடிதம் கொடுத்தார். 'இவர் எங்கள் கல்லூரியில் பணிபுரிகிறார். கடல் உயிர்களைப் படம் எடுக்க விரும்புவதாகச் சொல்கிறார்.'

வலியுல்லா அதை இரண்டு தடவை படித்தார். "சொல்கிறார்னுதான் போட்டுக்கீது."

"அவங்க என்னை நம்பறதில்லை. அதனாலதான் படமே எடுக்கணும்."

முதல் முறையாக அவர் சிரித்தார். கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படம் பிடிக்க ஒரு கம்பி, பிலிம் சுத்த ஒண்ணு, தூரம் வைக்க ஒண்ணு. மூணு ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையும் தண்ணிக்கு ஒரு வாசப்படி."

"தூரத்துக்கு ஓட்டை வேண்டாம். மூணடியில வச்சு அப்படியே மூடிடலாம். முன்னால நாலடிக் குச்சி கட்டினா, அதன் முனையில மீன் வரும்போது எடுத்துக்கறேன்."

"மூணடிக்கு நாலடிக் குச்சியா? கணக்கு தப்பு."

தண்ணீருக்குள் எல்லாம் கிட்டத்தில் தெரியும் என்றாள் அவள். அவர் நம்பவில்லை. தொட்டியில் ஸ்கேலை முக்கி மேலிருந்து பார்த்து, கையை விட்டுத் தடவி, மறுபடியும் பார்த்தார். "நம்ம கண்ணே ஏமாத்துது" என்று முணுமுணுத்துக்கொண்டு குறித்துக்கொண்டார். இரண்டே ஓட்டை என்று முடிவாயிற்று. பெட்டி மிதக்காமலிருக்க அடியில் ஈயக் கட்டி வைக்கவேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

ஆனால் கேமரா இரண்டு வாரம் பட்டறையில் இருக்கவேண்டும் என்றார். லென்ஸைக் கழற்றி மட்டமானதை மாட்டிவிடுவார்கள் என்று கல்லூரியில் கூட வேலை செய்பவள் எச்சரித்திருந்தாள். ஜெயபாரதி லென்ஸ் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, பின்மூடி திறக்கும் இடத்தில் தன் தலைமுடி ஒன்றைக் குறுக்கே ஒட்டிக் கொடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது பெட்டி தயாராக இருந்தது. முடி அறுந்திருந்தது.

"கேமராவைத் திறந்தீங்களா?" குரல் அவளையும் மீறி உயர்ந்தது.

"தொறந்தேன்." வலியுல்லா ஒரு நோட்டை அவள் பக்கம் தள்ளினார். பெட்டிக்குள் மை ஒற்றும் காகிதம் வைத்துத் தொட்டியில் முக்கிப் பார்த்த நாளும் நேரமும் அதில் இருந்தன. மூன்றாம் தடவையும் ஆறாம் தடவையும் நனைந்திருந்தது. மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றிய பிறகு ஆறு தடவை தொடர்ந்து காய்ந்த காகிதம். "அப்பறந்தான் கேமராவ உள்ள வெச்சேன். அதுக்குள்ளயும் ஒரு காகிதம் வெச்சுப் பாத்தேன். பிலிம் இருக்கிற எடத்துக்கு ஈரம் போவுதான்னு தெரியவாணாமா?"

அவள் லென்ஸ் எண்ணைப் பார்த்தாள். அதே எண்தான். நோட்டை எடுத்து முதலிலிருந்து படித்தாள்.

"முடி ஒட்டினீங்களே, எந்தக் கோந்து?" என்று கேட்டார் அவர். "முடிதான் அறுந்துது, கோந்து விடல. தேவலாம்."

அடுத்த மே மாதம் மறுபடியும் குருசடை. மூன்று நாள் களவா வரவில்லை. நான்காம் நாள் காலையில் பாறையோரம் வந்து வாயைப் பிளந்தது. மார்பளவு நீரில் முகத்தை முக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு குச்சி முனையைப் பார்த்தபடி நின்றாள். கோட்டு மீன் உள்ளே நுழைந்ததும் கம்பியை அழுத்தினாள். ஐந்து படம். அதற்குள் கால் தடுமாறி மணல் கலங்கிவிட்டது.

கழுவி வந்த படங்களில் நான்கு வெறும் மங்கல். ஒன்றில் பிளந்த வாயும், அதற்குள்ளிருந்து நீட்டிய கோட்டு வாலும் தெளிவாக இருந்தன.

காமாக்ஷி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "மீன் தொட்டியில எடுத்ததில்லைன்னு எப்படிச் சொல்றது?"

ஜெயபாரதி பையிலிருந்து நறுக்காத பிலிம் சுருளை எடுத்து மேஜையில் விரித்தாள். களவா படங்களுக்கு முன்னால் தீவின் கரையும், தேதி எழுதிய சிலேட்டோடு மாணவிகளும். பின்னால் அதே மாணவிகள், அதே சிலேட்டு.

காமாக்ஷி சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பிடித்துப் பார்த்தார். "கேள்வி வரும்னு முன்னாடியே தெரியுமா?"

"நானா இருந்தாலும் கேட்டிருப்பேன் மேடம்."

அவர் போன வருஷ அறிக்கையை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரமே ஜெயபாரதி படத்தைச் சிந்தாதிரிப்பேட்டைக்குக் கொண்டு போனாள். வலியுல்லா மீனைப் பார்க்கவில்லை. படத்தின் மூலையில் பொட்டுப் போல இருந்த மங்கலைக் காட்டி, "இங்க மூச்சு விட்டாப்போல பனி பிடிச்சிக்கீது. பெட்டிய வெச்சிட்டுப் போங்க" என்றார். பிறகுதான் மீனிடம் வந்தார். "இம்மாம் பெரிய வாயி, அத மூடாதுன்னு அந்தப் பொடிக்கு எப்புடித் தெரியும்?"

"தெரியலை. அதைத்தான் இன்னும் பார்க்கணும்."

பத்து வருஷத்துக்கு மேல் அந்தப் பெட்டியோடு அவள் கடலுக்குப் போனாள். இரண்டாம் வருஷம், பாறை இடுக்கில் எடுக்க ஃபிளாஷ் விளக்கு வேண்டும் என்று போய்க் கேட்டாள். அதன் வயருக்காக மூன்றாவது ஓட்டை போட வலியுல்லாவைச் சம்மதிக்க வைக்க எட்டு மாதம் பிடித்தது.