துபாய்க்கு நாலு மணி நேரம்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான், மன்னிக்க வேண்டும். எங்கள் அத்தா இறந்த வெள்ளிக்கிழமையை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரத்தநாடு பக்கம். என் தம்பி துபாய்க்குக் கட்டட வேலைக்குப் போனான். திருச்சியிலிருந்து விமானத்தில் நாலு மணி நேரம் என்று அவன் சொன்னதை அத்தா பிடித்துக்கொண்டார். பக்கத்து வயல்காரரின் மகன் சென்னையில் இருந்தான். வரப்பில் அவரைப் பார்த்தால் அத்தா விடமாட்டார்.

"உங்க மவன் பஸ்ஸுல வர ஒரு ராத்திரி முழுக்க ஆவும். என் மவனுக்கு நாலே மணி நேரம். துபாய்தான் கிட்டக்க."

"கிட்டக்க இருக்கற புள்ள மூணு வருசமா ஏன் பாய் வரலே?"

அத்தா சிரித்துக்கொண்டே மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொள்வார்.

அந்த வியாழக்கிழமை மாலை டாக்டர், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். தம்பிக்குப் போன் செய்தேன். அவன் பாஸ்போர்ட் கம்பெனி ஆபீஸில் இருந்தது. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை.

"சனிக்கிழமைதான் தெறப்பாங்கக்கா. சூப்பர்வைசர் வீட்டு வாசல்ல போயி நின்னேன். சாவி தன்கிட்ட இல்லேங்கறார்." அழுதான். விமானம் பறக்கும் நேரத்தை மட்டும்தான் இத்தனை வருடமும் நாங்கள் கணக்கில் வைத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை கண் விழித்ததும் அத்தா கேட்டார்: "தம்பி ஏறிட்டானா?"

"இப்பதாங்க ஏறினான்," என்றார் அம்மா. அவர் நிம்மதியாகக் கண்ணை மூடட்டும் என்றுதான் சொன்னார். அத்தா மூடவில்லை. சுவர்க் கடிகாரம் தெரியும்படி தலையணையைத் திருப்பிப் போடச் சொன்னார்.

மதியம் ஜும்ஆ தொழுகைக்குப் போனவர்கள் திரும்பினார்கள். நாலு மணி நேரம் போய், திருச்சியிலிருந்து கார் வந்து சேரும் நேரமும் போனது. தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கினார். பிறகு தூக்குவதை விட்டுவிட்டார்.

"விழுந்துடுச்சா?" என்று கேட்டார்.

"என்னதுங்க?"

"பிளேனு. எங்கிட்ட மறைக்காத."

"லேட்டாங்க," என்றார் அம்மா. அத்தா நம்பவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. குனிந்து கேட்டேன். இறந்தவர்களுக்கு ஓதுவதைத் தம்பிக்காக ஓதிக்கொண்டிருந்தார்.

பதறிப்போய்த் தம்பியைக் கூப்பிட்டு, போனை அவர் காதில் வைத்தேன். அவனிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லத் தோன்றவில்லை.

"எங்கடா இருக்கே?"

"ரூம்லதான் அத்தா."

பொய் சொன்னதற்கு எங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் தெளிந்தது.

"அங்கேயே இரு," என்றார். "ஏறாத. வாணாம்."

அதற்குப் பிறகு பேசவில்லை. பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பாங்கு சொல்வதற்கு முன் போய்விட்டார். மகனுக்காக உடலை வைத்திருக்க வேண்டுமா என்று பள்ளிவாசல் ஜமாஅத்தார் கேட்டார்கள். வேண்டாம் என்று அம்மா தலையசைத்தார். அன்று இரவே இஷா தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள்.

மறுநாள் காலை கம்பெனி ஆபீஸைத் திறந்து, தம்பியிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்கள்.