நான் காயவைத்த கூழ்

ஓசூரில் சாரல் பிடித்துவிட்டால் துவைத்த சட்டை மூன்றாம் நாளும் காயாது. ஊரில் இருப்பவர்கள் நம்ப மாட்டீர்கள். நம் சிவகாசியில் பிழிந்து முடிப்பதற்குள் பாதி காய்ந்திருக்கும். இங்கே நான் ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு, உடம்புச் சூட்டில் காயவைத்தபடியே வேலைக்குப் போகிறேன்.

வேலை, சோயாப் புரதத்தில் பிளாஸ்டிக் போன்ற மெல்லிய படலம் செய்வது. மசாலாப் பொட்டலத்துக்கு. பொட்டலத்தையும் சேர்த்துத் தின்னலாம் என்றார்கள். நான் ஒருவன்தான் தின்றேன். வெறும் சோயாப் படலம் இழுத்தால் பிய்ந்துவிடும் என்பதால், தெம்புக்கு மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸ் நாரைக் கலக்க வேண்டும். நார் சீராகப் பரவ வேண்டும். என் கையில் அது வெள்ளை வெள்ளையாகக் கட்டி தட்டியது. ஒவ்வொரு படலமும் கட்டி இருந்த இடத்திலேயே பிய்ந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒழுங்கான சாம்பிள் வராவிட்டால் ஊருக்குக் கிளம்பலாம் என்று மேனேஜர் மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

என் அப்பா பட்டாசு ஆபீஸில் இருந்தவர்; பட்டாசு ஆலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே ஈரம்தான் முதல் எதிரி. குழாய் காயவேண்டும், திரி காயவேண்டும்; காயாதது எதுவும் வீட்டுப் பேச்சில்கூட வராது. அந்தப் பழக்கத்தில், ஈரக்கூழாக வந்து இறங்கும் நாரை, யாரும் சொல்லாமலே ஓவனில் வைத்து மொறுமொறுவென்று காயவைத்தேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மிக்ஸர் ஓட்டும் மஞ்சுளா பக்கத்துத் தொரப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, போனில் கன்னடம், என்னிடம் தமிழ். வியாழக்கிழமை நான் மறுபடியும் ஓவனைத் திறந்தபோது கேட்டார்.

“எதுக்கு சார் தெனம் காய வெக்கறீங்க?”

“காயாம எப்படிம்மா கலக்குறது?”

“கூழக் காய வெச்சா அட்டதான சார் வரும்?”

வெடிக்கு அட்டைக்குழாய் சுற்றும் ஊரில் பிறந்தவன் நான். ஓவனை மூடினேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். அதுவும் பார்முலா என்று நினைத்தாராம். “உங்க ஊரு மொற போலன்னு வுட்டுட்டேன்.”

நார் ஒன்றோடொன்று ஒட்டிக் காய விடாமல், ஈரக்கூழை அப்படியே தண்ணீரில் கலக்கிப் பிரித்து, அதிலிருந்த ஈரத்தின் எடையைக் கழித்துக்கொண்டு, சோயாக் கரைசலில் ஊற்றினோம். மறுநாள் படலம் தட்டிலிருந்து ஒரே துண்டாக உரிந்து வந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு கட்டி இல்லை. மேனேஜர் பக்கத்தில் நிற்க, இழுவை மிஷினில் இரண்டு முனையையும் மாட்டினேன். நீண்டது, இன்னும் நீண்டது, கடைசியில் நடுவில் சுத்தமாகப் பிய்ந்தது. எனக்கு இன்னும் ஒரு வருஷம் வேலை என்று கையெழுத்தாயிற்று.

பிய்ந்த துண்டுகளில் ஒன்றை ஃபைலில் ஒட்டிவிட்டோம். மற்றதை அப்பாவிடம் காட்டலாம் என்று எடுத்துவைத்திருக்கிறேன். நம் ஊர் வெயில் பட்டால் ஒரே நாளில் அப்பளமாக நொறுங்கிவிடும். இங்கே, என் மேசை இழுப்பறையில், ஈரத்தைக் குடித்துத் துவண்டு கிடக்கிறது.