அதிகாரி வருவதற்கு முன்

தேயிலைத் தோட்டத்தில் பெரிய துரை சுற்றிப் பார்க்க வருகிறார் என்றால் எங்களுக்குத் தலைகால் புரியாது. தண்ணீர் ஓடும் கானை வழிப்போம், நாங்கள் குடியிருக்கும் லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம், கோழியைக்கூடப் பிடித்து அடைப்போம். வருகிறவர் கண்ணில் ஒரு குறையும் படக் கூடாது. எங்களை அப்படியே பழக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கம் நாசமாய்ப் போக.

தோட்டத்தில் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்த சொற்பப் பேரில் அப்பாவும் ஒருவர். அந்தத் தைரியத்தில் அம்மாவின் நகைகளை விற்று, போதாததற்கு வட்டிக்கும் வாங்கி, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு சிங்களக்காரரிடம் அரை ஏக்கர் தேயிலை வாங்கினார். அம்மா முன்பே வேலையிலிருந்து நின்றுவிட்டார்; அப்பாவுக்கும் வேலைக்காலம் முடியப் போகிறது. எனக்கு வேறு தோட்டத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. நானும் போய்விட்டால் வேலைக்கு ஆள் இல்லை, தோட்டத்துக்குச் சொந்தமான லயத்து அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். அந்த அரை ஏக்கரில் ஒரு குடிசை போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் அவர்களுடைய ஒரே நம்பிக்கை.

செடிகள் எல்லாம் கிழடு. கொழுந்து சரியாக வரவில்லை. பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதிய ரகம் நடுகிறவர்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, அப்பா ஹட்டன் அரசாங்கக் கந்தோருக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார். அதிகாரி ஒருவர் நிலத்தைப் பார்க்க வருவார் என்று மட்டும் அங்கே சொன்னார்களாம்.

“பாக்க வாராங்கன்னா அதுக்குள்ள சுத்தமா இருக்கணும்” என்றார் அப்பா.

“ஏங்க, அவங்க வந்து சொன்னப்புறம் புடுங்குனா ஆகாதா?” என்று அம்மா கேட்டார்.

“வர்றவங்களுக்கு இந்தக் கெழட்டுச் செடியையா காட்டச் சொல்ற? சோம்பேறிப் பயன்னு நெனைக்க மாட்டாங்க?”

அம்மாவின் பேச்சு எப்போது எடுபட்டிருக்கிறது? நானும் அப்பாவும் தோட்ட வேலை முடிந்து வந்ததும் மூவரும் அங்கே போவோம். அப்பா அலவாங்கால் நெம்புவார், நானும் அம்மாவும் வேரைப் பிடித்து இழுப்போம். கையெல்லாம் கொப்புளம். பிடுங்கிய கட்டைகளை லயத்துச் சனங்கள் விறகுக்குக் கொண்டுபோனார்கள். கடைசியில் அப்பா குழிகளையும் மூடி, மண்ணைச் சமமாக நிரவிவிட்டார். முற்றம் மாதிரி இருக்கிறது என்று அவருக்கு ஒரே பெருமை.

அதிகாரி வந்தார். சிங்களத்தில்தான் பேசினார். பழைய தேயிலை எங்கே என்று கேட்டார். பிடுங்கிவிட்டோம் மாத்தயா என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். நின்ற செடியைத் தன் கண்ணால் பார்த்து எழுத வேண்டும், வெறும் நிலத்துக்கு எப்படி மானியம் கொடுப்பது என்றார் அவர். நிலத்தை விற்றவர் ஓடி வந்து சாட்சி சொன்னார். அக்கம்பக்கத்தாரும் சொன்னார்கள். அதிகாரி மோசமான ஆள் இல்லை. ஒரு வரிசையையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா என்று வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தை வைத்து நாங்கள் என்ன செய்வது?

மானியம் இல்லாமல் புதுக் கன்று வாங்க வழியில்லை. மழைக்காலத்தில் நிரவிய மண்ணெல்லாம் சரிவில் வழிந்து ஆற்றில் போய்ச் சேர்ந்தது. வட்டிக்குக் கொடுத்தவர் நெருக்கியதால், வந்த விலைக்கு நிலத்தை ஒரு கடைக்காரரிடம் தள்ளிவிட்டார் அப்பா. என் கல்யாணமும் தள்ளிப் போனது. எனக்கு அப்பா மேலும் ஆத்திரம், அந்தக் கந்தோர் மேலும் ஆத்திரம்.

அடுத்த வருஷம் எங்கள் தோட்டத்து மேமலைக்கே அந்த மானியம் கேட்டிருந்தார்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லோரும் நிற்கும்போது கணக்கப்பிள்ளை சத்தமாகச் சொன்னார்.

“மேமலையில அதிகாரி வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் ஒருத்தரும் ஒரு செடியில கை வைக்கக் கூடாது. தொரையோட உத்தரவு.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரியின் ஜீப் வந்து போன பிறகு, மற்றவர்களோடு அவரையும் என்னையும் அந்த மலைக்கு அனுப்பினார்கள். அலவாங்கைத் தூரில் செருகிவிட்டு என்னைப் பார்த்தார்.

“இப்பதான் புடுங்கணுமாம்” என்றார்.

அந்த மலையைப் பிடுங்கி முடித்ததோடு அவருடைய வேலைக்காலமும் முடிந்தது. நானும் கல்யாணமாகிப் போனேன். லயத்து அறையைக் கேட்டு ஆள் வந்தபோது, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் போக ஓர் இடமும் இல்லை.