சாவிக்கொத்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் திருக்கோகர்ணத்தில் இருந்த அந்த மெக்கானிக்கை நான் நம்பவே இல்லை. பற்றவைக்காத பீடியை உதட்டில் வைத்துக்கொண்டே பேசுகிற ஒல்லியான மனிதர்.

என் பழைய ஸ்போர்ட்ஸ் கார் மேடுபள்ளத்தில் திடீர் திடீரென்று அணைந்துவிடும். அவர் ஓட்டினால் அணையாது. ஆள் ஏதோ செய்கிறார் என்றே நினைத்தேன்.

மூன்றாம் முறை வண்டியைக் கொண்டுபோனபோதும் சாவிக்கொத்திலிருந்து கார் சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்தேன்.

“நீங்க ஓட்டுறப்ப கொத்து முழுசும் அதுலயே தொங்குமாங்க?” என்றார்.

“ஆமாம். பீரோ, நெல் அறை, எல்லாச் சாவியும்.”

“குலுங்குறப்ப அந்தக் கனம்தான் சுவிச்ச இழுத்து கரண்ட நிறுத்துது. கொத்த வீட்டுல குடுத்துட்டு வாங்க.”

வீட்டில் இத்தனை பேரில் யாரை நம்பிக் கொடுப்பது? இடுப்பில் கட்டிக்கொண்டேன். வண்டி அதன்பின் நிற்கவில்லை.

பிறகொரு நாள் என் இடுப்பில் தொங்கிய கொத்தைப் பார்த்தவர், முதல்முறையாகப் பீடியை வாயிலிருந்து எடுத்தார். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் விட்டுவிட்டார். என்ன சொல்ல வந்தார் என்று இன்றும் எனக்குச் சந்தேகம்.