பிடியரிசி வண்டி

ராயபுரத்தில் பிலோமியைக் கோபக்காரி என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருத்தராவது அவள் இடத்தில் ஒருநாள் நின்று பார்த்திருப்பாரா என்றால், கிடையாது. துறைமுகத்துக்கு வெளியே ஒரு கிடங்கில் கிழிந்த கோணி தைக்கிற வேலை அவளுக்கு. தூசியில் நாளெல்லாம் உட்கார்ந்து தடித்த கோணி ஊசியைக் குத்திக் குத்தி இழுக்க வேண்டும். ஒருநாள் கிடங்குக் கணக்கப்பிள்ளை, குனிந்து தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றான். பிலோமி எழுந்து போய் ஊசியை அவன் கைக்கு நேராக நீட்டினாள். "எடுக்கிறியா, இல்ல அங்கியே வெச்சித் தெச்சிடவா?" என்றாள். எடுத்தான். அன்றைக்கு வந்த பேர்தான் கோபக்காரி. நல்ல பேர்தானே, அதற்கென்ன குறைச்சல்?

ஆனால் அவளுடைய பெரிய கோபம் கிடங்கில் பிறந்ததல்ல. அது வேளாங்கண்ணிக்கு நடக்கிற பாதையில் பிறந்தது.

வருஷா வருஷம் ஆகஸ்டு மாதம் ராயபுரத்திலிருந்து ஒரு கூட்டம் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடக்கும். கூட்டத்துக்குத் தலைவர் ஜேக்கப் மேஸ்திரி. துறைமுகத்தில் மூட்டை தூக்க ஆள் வைத்து வேலை வாங்குகிறவர். அவர் நடக்க மாட்டார். எங்கிருந்தோ ஒரு பழைய ஜீப்பை இரவல் வாங்கி, அதன் மேல் குழாய் ஒலிபெருக்கி கட்டி, முன் சீட்டில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்துக்கொள்வார். "அன்பான பக்தர்களே, பின்தங்காமல் வாருங்கள்" என்பார். சொகுசாக உட்கார்ந்துகொண்டு யார் வேண்டுமானாலும் சொல்லலாம், பின்தங்காமல் வா என்று.

ஆண்களுக்கென்ன, மரத்தைக் கண்டால் ஒதுங்குவார்கள், பம்ப்செட்டைக் கண்டால் குளிப்பார்கள். பெண்கள் இருட்டு விலகும் முன்னால் வயல் பக்கம் போய் வந்துவிட வேண்டும். அப்புறம் இருட்டுகிற வரைக்கும் அடக்க வேண்டும். அதற்குப் பயந்து அந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நடப்பார்கள். இதைக் காணிக்கை என்று சொல்லி மாதாவின் கணக்கில் வேறு எழுதிவிட்டார்கள்.

எழுபத்தோராம் வருஷம் பிலோமியின் தங்கை டோரதியும் நடந்தாள். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து வயிற்றில் தங்கியிருந்தது. வேண்டாம் என்று எல்லோரும் சொல்லியும், மாதா கொடுத்த பிள்ளை, நன்றி சொல்லாமல் இருக்க முடியாது என்று கிளம்பிவிட்டாள். திண்டிவனம் தாண்டியதும் ரத்தப்போக்கு கண்டது. சாலையோரம் ஒரு மோட்டார் கொட்டகை இருந்தது. கொஞ்ச நேரம் படுக்க இடம் கொடு என்று பிலோமி கையெடுத்துக் கும்பிட்டாள். உள்ளே சாமி படம் இருக்கிறது, தீட்டு ஆகாது என்று கொட்டகைக்காரன் கதவைச் சாத்தினான்.

கடைசியில் ஒரு முள்மரத்தடியில் நாலு பெண்கள் புடவையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். புடவை காற்றில் பறந்தது. போகிற லாரி ஒன்று வேகம் குறைந்தது, கிளீனர் எட்டிப் பார்த்து விசிலடித்தான். பிள்ளை போய்விட்டது. சோற்றுக் கரண்டியால் மண்ணைத் தோண்டி, பழந்துணியில் சுற்றிப் பிலோமிதான் புதைத்தாள். அந்த நேரத்தில் முன்னாலே போய்விட்ட ஜீப்பிலிருந்து சத்தம் வந்தது: "பின்தங்காமல் வாருங்கள்."

ஊருக்குத் திரும்பியதும் பிலோமி தெருத்தெருவாகப் போனாள். அவர்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. உலைக்கு அரிசி களைகிறபோதெல்லாம் ஒரு பிடி அள்ளித் தனிப்பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். பிடியரிசி என்று பேர். பிலோமி வாசலில் நின்று சொன்னாள்: "சாமி பானையில கை வெக்க வேணாம். அதுக்குப் பக்கத்துல இன்னொரு பானை வை. சாமிக்கு ஒரு பிடி, நமக்கு ஒரு பிடி. அடுத்த வருஷம் நமக்குன்னு ஒரு ரூமு கூடவே வரணும்."

ஒரு பெண் சிரித்தாள். "ரூமு எப்டிக்கா கூட வரும்? அதுக்கின்னா காலா கீது?"

"காலு இல்லன்னா சக்கரம் மாட்டுவேன்டி. நீ அரிசியப் போடு."

போட்டார்கள். மீன் விற்கிற குப்பத்துப் பெண்களும் போட்டார்கள், மாதா எல்லோருக்கும் பொது என்று. சில வீடுகளில் தங்கள் தட்டில் விழுகிற சோற்றைத்தான் குறைத்துக்கொண்டார்கள். அந்த அரிசியை மாதாமாதம் ஒரு சோற்றுக்கடைக்கு விற்றுப் பணமாக்கினாள் பிலோமி.

அவள் புருஷன் பாஸ்கல் திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் வெல்டர். பேச்சு குறைவு, வம்பு என்றால் ஒதுங்கிக்கொள்கிற ஆள். ஆவடிப் பக்கம் மிலிட்டரியில் கழித்த சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். ஒரு லாரிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். இரண்டு பெரிய சக்கரத்தின் மேல் ஒரு இரும்புத் தொட்டி. பச்சைப் பெயின்ட் உரிந்து, முன்னால் நீட்டிய இரும்புத் தண்டின் நுனியில் ஒரு தடித்த வளையம்.

பிலோமி சுற்றி வந்து பார்த்தாள். "இன்னாய்யா இது, குப்பத்தொட்டியா?"

"ஜீப்புப் பின்னால மாட்டுற டிரெய்லரு. சண்டையில தோட்டா, தண்ணி ஏத்திகினு போவாங்களாம். சேறு, மணலு, பள்ளம், எதுலயும் நிக்காது. நீங்க ராத்திரி தங்குறது தோப்புலயும் ஆத்து மணல்லயும்தானே? வூடு மாதிரி வண்டி ரோட்லதான் போவும். இது உங்க கூட எறங்கி வரும்."

"எனக்கு இன்னா வேணும்னு சொல்றேன், கேட்டுக்கோ. உள்ள நின்னுகினு பொடவ மாத்தணும். நாலு பேரு படுக்கணும். ஒதுங்க ஒரு மூல வேணும். உள்ளருந்து தாப்பா போடணும். தாப்பா இல்லன்னா நீ ஒண்ணியும் செய்யாத."

வேலை முடிந்த பிறகு தினமும் பாஸ்கல் பட்டறைக்குப் பின்னால் அதோடு மல்லுக்கட்டினான். தொட்டியின் மேல் குழாய்களை வளைத்துக் கூண்டு கட்டினான். இரண்டு பக்கமும் கீல் வைத்த பலகைகள். விரித்தால் படுக்கை, மடித்தால் சுவர். ஒரு மூலையில் தரையை அறுத்து, கீழே வாளி தொங்கவிட்டு, குந்துவதற்குப் பலகை. வெளியே ஒரு தண்ணீர் பீப்பாய், குழாயோடு. பின்பக்கத் தகரக் கதவு இறங்கினால் அதுவே படி. தோட்டா பாரம் தாங்கச் செய்த ஸ்பிரிங் வில், ஆள் படுத்தால் தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டு பட்டையைக் கழற்றிச் சரி செய்தான். கப்பலில் கழித்த தார்ப்பாயை வாங்கி வந்து, கூண்டுக்கு மேலே போர்த்திப் பிலோமியே தைத்தாள். கோணி ஊசி வளைந்துபோகிற கனம். விரலெல்லாம் ரத்தம். விடவில்லை.

திருவொற்றியூர்க் கடற்கரை மணலில் இழுத்துப் பார்த்தார்கள். முதலில் சக்கரம் புதைந்தது. பாஸ்கல் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டான். வண்டி மணலில் அலுங்காமல் போயிற்று. வண்டித் தண்டை எப்படி ஜீப்பின் கொக்கியில் மாட்டுவது, அது கழன்றுவிடாதபடி இரும்புப் பின்னை எப்படிச் சொருகுவது, நிறுத்தினால் தண்டைத் தாங்குகிற முன்காலை எப்படி இறக்குவது என்று பிலோமியையே செய்யச் சொல்லிக் காட்டினான். டோரதி உள்ளே ஏறித் தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள். உள்ளேயிருந்து அவள் அழுகிற சத்தம் கேட்டது. பிலோமி கதவைத் தட்டவில்லை.

இனிமேல் சொல்வதற்குத்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கிளம்புகிற அன்று சாமியார் வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். ஜேக்கப் மேஸ்திரி மாலையோடு வந்து வண்டியைத் தடவிப் பார்த்தார். "அடடே, மாதாவுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி கீதே!" என்றார். பெண்கள் வாயைத் திறப்பதற்குள், கூட்டத்தோடு போகிற மாதா சிலை, சுரூபம் என்பார்கள், உள்ளே ஏறிவிட்டது. பின்னாலேயே சமையல் பாத்திரம், ஆண்களின் பெட்டி படுக்கை, மேஸ்திரியின் தலையணை.

"இது பொம்பளைங்க பிடியரிசியில வாங்குன வண்டி, மேஸ்திரி," என்றாள் பிலோமி.

"யாரு இல்லன்னாங்க? மாதாவுக்குத்தானே குடுத்தீங்க, புண்ணியம் உங்களுக்குத்தான். மாதா கீற எடத்துல கலீஜ் ஆவக்கூடாது பாரு, அதான் பூட்டு ஒண்ணு வெளிய போட்டுக்கலாம். பாஸ்கலு, ஒரு கொண்டி வெச்சிக் குடுப்பா."

பாஸ்கல் வைத்துக் கொடுத்தான். ஐயோ, அந்த மனுஷன்! உள் தாழ்ப்பாள் செய்த அதே கையால் வெளியே பூட்டுக் கொண்டியையும் பற்றவைத்தான். "மாதா காரியம், உடு பிலோமி," என்றான். அவள் அவனோடு அன்றைக்குப் பேச்சை நிறுத்தினாள்.

அந்த வருஷமும் பெண்கள் இருட்டில் வயலுக்குப் போனார்கள். முன்னால் அவர்களுடைய அறை, பூட்டுப் போட்டு, பூ சுற்றி, ஆடி ஆடிப் போயிற்று.

கடலூரைத் தாண்டி ஒரு மத்தியானம். டோரதிக்கு மாதவிடாய் வந்துவிட்டது. பிள்ளை போனதிலிருந்து ஒவ்வொரு மாதமும் அவளுக்கு அதிகமாகத்தான் போகும். சாலையோரம் குந்திவிட்டாள், உதடு வெளுத்திருந்தது. மழை வேறு தூறியது. கொஞ்ச தூரத்தில் டீக்கடையில் ஜீப் நின்றிருந்தது. பிலோமி ஓடினாள்.

"சாவியக் குடு மேஸ்திரி. தங்கச்சி படுக்கணும்."

"இன்னா ஒடம்புக்கு?"

சொன்னாள். மேஸ்திரி டீயைக் கீழே வைத்தார். "இன்னாம்மே பேசற நீ? மாதா உக்காந்துகினு கீற எடத்துல தீட்டுக்காரிய உள்ள வுட சொல்றியா? ஒரு மரத்தடியில ஒக்கார வெச்சிட்டு மெள்ளமா கூட்டினு வா. நாங்க முன்னால போயி ஒல வெக்கச் சொல்றோம்."

மரத்தடி. அந்த வார்த்தைதான். மேஸ்திரி ஜீப்பில் ஏறி மைக்கைப் பிடித்து, தொண்டையைக் கனைத்து, பாட்டுப் போடச் சொன்னார். ஒலிபெருக்கி அலறியது. பிலோமி வண்டிக்கும் ஜீப்புக்கும் நடுவே குனிந்தாள். முன்காலை இறக்கினாள். சங்கிலியைக் கழற்றினாள். பின்னை உருவி இடுப்பில் செருகினாள். நாலு பெண்கள், போன வருஷம் புடவை பிடித்து நின்ற அதே பெண்கள், கேட்காமலே அவள் பின்னால் வந்து தண்டைத் தூக்கிக் கொக்கியிலிருந்து எடுத்தார்கள். தினமும் மீன்கூடை சுமக்கிற கைகள், அதெல்லாம் ஒரு கனமா?

ஜீப் கிளம்பியது. மாதாவைப் புகழ்ந்து பாடிக்கொண்டே, மாதாவை விட்டுவிட்டுப் போயிற்று.

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிலோமி சிரிக்கவில்லை. கொண்டையில் செருகியிருந்த கோணி ஊசியை எடுத்துத் தான் போட்ட தையலைத் தானே நெம்பிப் பிரித்தாள். தார்ப்பாய் வாய் திறந்தது. உள்ளே நுழைந்து, பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளி, பலகையை விரித்து, பெண்கள் தாங்கிக் கூட்டிவந்த டோரதியைப் படுக்க வைத்தாள். மாதா சுரூபத்தை நகர்த்தவில்லை. அது தலைமாட்டில் இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து ஜீப் திரும்பியது. பசியும் அவமானமும் சேர்ந்து மேஸ்திரிக்கு முகம் கறுத்திருந்தது. பின்னால் நடந்து வந்தவர்களும் அதற்குள் கூடிவிட்டார்கள். மைக் இல்லாமலே கத்தினார்.

"சோமாரி வேல பண்ணிக் கீறீங்க! பாஸ்கலு, எட்றா வண்டிய, மாட்டு!"

கூட்டத்திலிருந்து பாஸ்கல் வந்தான். வண்டியைப் பார்த்தான், பிரிந்து கிடந்த தையலைப் பார்த்தான். "பின்னு அவகிட்ட கீது, மேஸ்திரி," என்றான்.

"அப்போ மாதாவக் குடுங்க! இந்தக் கலீஜ் வண்டிய நீங்களே வெச்சிகினு அழுவுங்க!"

பிலோமி பிரித்த தார்ப்பாய் வழியே வெளியே வந்து நின்றாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வந்தது.

"மாதா எங்கியும் வர மாட்டா. அவளும் வயித்துப் புள்ளயோட வூடு வூடா எடம் கேட்டு அலைஞ்சவதான். ஒருத்தனும் குடுக்கல. மாட்டுக் கொட்டாயில பெத்தா. தீட்டு இன்னான்னு உன்ன வுட அவளுக்கு நல்லாத் தெரியும். அவ எங்ககூட இருப்பா. உன் தலகாணிய எடுத்துகினு போ."

தலையணை சேற்றில் கிடந்தது. மேஸ்திரி குனிந்து அதை எடுத்தார்.

பாஸ்கல் தன் பையிலிருந்து சுத்தியலை எடுத்தான். வெளிக்கொண்டியில் ஓங்கி அடித்தான். ராயபுரத்தில் தான் பற்றவைத்ததைத் தானே அடித்து உடைக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பூட்டோடு கொண்டி கீழே விழுந்தது. பிறகு அவன் தள்ளி நின்று வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். மற்ற ஆண்களும் திரும்பிக்கொண்டார்கள்.

பிலோமி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.