மின்ஹா என்று தேடினால்...

போன கிழமை கண்டியிலிருந்து ஒரு நண்பர் கோல் எடுத்தார். குடும்பத்தோடு அறுகம்பேக் கடற்கரையில் தங்கிவிட்டு வந்திருக்கிறார். நான் சொன்ன இடம் அருமையாம். சாப்பாடு நல்லமாம். 'உங்கள் கூட்டாளி நசீர் தங்கமான மனுசன்' என்றார்.

நசீரா? நான் சொன்னது என் கூட்டாளி ஹனீபாவின் 'மின்ஹா கபானா' என்ற தங்குமிடத்தை அல்லவா?

நண்பர் அந்தப் பெயரைத்தான் இன்டர்நெற்றில் தேடியிருக்கிறார். முதலில் வந்ததை அழுத்தியிருக்கிறார். வந்தது பக்கத்து வளவில் நசீர் நடத்தும் இடம். மேலே பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று போட்டிருக்கும். அதை யார் வாசிக்கிறார்கள்? நானும் வாசிப்பதில்லை.

விஷயம் இதுதான். தேடுபொறிக்குக் காசு கட்டினால் ஒரு சொல்லைப் பிடித்து வைக்கலாம் — அடுத்தவர் கடையின் பெயரையும்கூட. யாராவது அந்தப் பெயரைத் தேடினால் நம்முடைய விளம்பரம் முன்னால் வந்து நிற்கும். வியாபாரத்தில் இதெல்லாம் சகஜமாம்.

ஹனீபாவுக்குக் கோல் எடுத்தேன். அவருக்கு இது முன்பே தெரியும். சீசன் நேரத்தில் அறைகள் காலியாகக் கிடக்கின்றன. ஆனாலும் வாய் திறக்கவில்லை. நசீர் அவருடைய மனைவியின் ஒரே தம்பி. கேட்டால் உறவு போகும்; கேட்காவிட்டால் சீசன் போகும்.

"அவனையும் விட்டா அவளுக்குத் தாய் வீட்டுப் பக்கம் ஆரிருக்கா?" என்று மட்டும் சொன்னார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அறுகம்பேக்குப் போக பொத்துவில் பஸ் ஏறினேன். விஷயம் கேள்விப்பட்டு, ஒலுவில் கெம்பஸில் படிக்கிற ஹனீபாவின் மகளும் வழியில் ஏறிக்கொண்டாள். மின்ஹா. கபானாவுக்கு வைத்தது இவளுடைய பெயரைத்தான்.

நசீர் முகம் சுழிக்கவில்லை. தேத்தண்ணி தந்தான். நான் விஷயத்தைக் கேட்டதும்தான் குரல் கொஞ்சம் மாறியது.

"நான் மச்சான்ட வாசல்ல நிண்டு ஆள் கூப்பிட்டனா? நெற்றுல எல்லாரும் செய்யிறதத்தான் செஞ்சன்."

யோசித்துப் பார்த்தேன். கல்முனைக் கடைத்தெருவில் ஒருவர் ஒரு கடையில் விலை பேசிக்கொண்டிருந்தால், பக்கத்துக் கடைக்காரர் அவரைக் கூப்பிடமாட்டார். தன்னிடம் அதே சாமான் மலிவாக இருந்தாலும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். மார்க்கமும் அதைத்தான் சொல்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்!

நசீரும் கேட்டவன்தான். கெட்டவனும் இல்லை. ஆனால் நெற்றில் அடுத்தவர் வாசற்படி கண்ணுக்குத் தெரிவதில்லையே... மச்சானின் முகமும் தெரிவதில்லை. பிறகு எங்கேயிருந்து வெட்கம் வரும்?

இதையெல்லாம் ஒரு பிரசங்கமாக எடுத்துவிட நான் தயாரானேன். அதற்குள் மின்ஹா கேட்டாள். குரலில் கோபமே இல்லை.

"மாமா, என்ட பேர என்ன விலைக்கு வாங்கினீங்க?"

"அது கபானாட பேர் புள்ள..." என்று தொடங்கினான் நசீர். முடிக்கவில்லை. அக்காவின் மகளைப் பார்த்தான். பிறகு தன் போனை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இதுல எப்பிடி அத எடுக்கிற எண்டு பாரு மகள்."

மாமனும் மருமகளும் ஒரே போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு அந்தப் பெயரைத் தேடித் தேடி அழித்தார்கள்.

மறுநாள் வீட்டிலிருந்து தேடிப் பார்த்தேன். ஹனீபாவின் இடம் முதலில் வந்தது. அப்படியே என் பெயரையும் போட்டுத் தேடினேன். இதுவரை அதை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. நிம்மதியாக இருந்தது — கொஞ்சம் வருத்தமாகவும்!