சூரியன் விழுங்கிய இருபத்தேழு நிமிடங்கள்

"பேச்சு அறுந்தால் குற்றம் வானத்தினுடையதன்று, கருவியின்முன் அமர்ந்தவருடையதே" என்னும் தொழில்விதியை எனக்கு முதலில் சொன்னவர், கம்பியில்லாத் தந்திப் பணியில் ஓய்வு பெற்ற ஆரோக்கியசாமி. கள்ளக்குறிச்சியில் எங்கள் அமெச்சூர் ரேடியோ மன்றத்தின் தலைவர் அவர். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்று, அதன்பின் தேர்வெழுதி உரிமம் பெற்றவள். மாடியில் கம்பி கட்டி, முகமறியாதவர்களிடம் "கேட்கிறதா?" என்று நாள்தோறும் வினவி, வீட்டாரிடம் ஏச்சு வாங்கும் அன்பர்களே, நீங்கள் இதை நம்புவீர்கள்.

கட்டில் அன்று

எங்கள் மொட்டைமாடியில் நிமிர்த்திவைத்த கட்டில்போல் நான்கடிச் சதுர மரச்சட்டம் ஒன்று நிற்கிறது. அதன்மேல் செம்புக் கம்பியைச் சுற்றியவள் நானே. தெற்கே வெகுதொலைவிலுள்ள ஒரு நிலையம் ஓயாது அனுப்பும் மிகத் தாழ்ந்த அலைவரிசையை அது பிடிக்கும். கணினி அதன் வலிமையைக் கோடாக வரையும். சூரியனில் பெருஞ்சுடர் வெடித்தால், அதன் எக்ஸ் கதிர்கள் அயனி மண்டலத்தின் அடியடுக்கை மின்னேற்றிவிடும். அப்போது தாழ்ந்த அலை அவ்வடுக்கில் நன்கு மோதித் திரும்பி வலுப்பெறும்; கோடு ஏறும். நாங்கள் பேசும் சிற்றலையோ அதற்குள் புகுந்து அங்கேயே மடியும். அடுக்கு ஒன்றே, ஒருத்திக்குத் தாய்வீடு, மற்றவளுக்கு மாமியார் வீடு.

ஒருநாள் காலை கோடு சரசரவென இறங்கியது. புதிய இயற்கை நிகழ்வு என்று மாடிக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி, வடகம் பிழிந்த வேட்டியைச் சட்டத்தின்மேல் விரித்து, சட்டத்தையே கிழக்கு நோக்கித் திருப்பியிருந்தாள். அச்சட்டம் திசை மாறினால் அலை அகப்படாது என்று அரைமணி நேரம் விளக்கி, நிற்கவேண்டிய இடத்தைச் சுண்ணக்கட்டியால் தரையில் குறித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "வெயிலு அந்தாண்ட இருக்குது, நீங்க சட்டத்த இந்தாண்ட திருப்பி வெச்சிக்கினு இருக்கீங்களே, படிச்சவங்க தானே டீச்சர்?"

வெட்டு உத்தரவு

சூரியன் அலைகளைக் கெடுக்கும் என்று நான் சொன்னது ஊருக்குள் கால்முளைத்து நடந்தது. மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஏழுமலை என்னும் கரும்பு விவசாயி கைப்பேசியோடு வந்துவிட்டார். கரும்பு வெட்டச் சொல்லிச் சர்க்கரை ஆலை அனுப்பும் உத்தரவுக் குறுஞ்செய்தி இரண்டு நாளாக வரவில்லையாம். சூரியன்தான் காரணம் என்று நான் எழுதிக் கையெழுத்திட்டுத் தரவேண்டுமாம்.

கைப்பேசிக் கோபுர அலை அந்த அடுக்கு வரை போவதேயில்லை என்றேன். கருவியை வாங்கிப் பார்த்தேன். விமானப் பயணத்திற்கான அமைப்பில் கிடந்தது. மாற்றியதும் செய்திகள் மளமளவென்று வந்து விழுந்தன. நன்றி சொல்வார் என்று நின்றேன். அவர் அண்ணாந்து பார்த்து வருந்தினார்: "அப்ப இன்னாத்துக்குங்க அது வெடிக்குது, நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாம?"

மலைமேல் படகு

கல்வராயன் மலையில் பேரிடர் ஒத்திகை நடந்தது. அங்கே வெள்ளிமலையில் கருவியோடு அமரும் இருக்கை என்னுடையது. அதற்காகவே நான் உரிமம் பெற்றேன் என்றாலும் மிகையாகாது. மலைமுகடு மறைப்பதால் கைக்கருவி உதவாது. சிற்றலையில்தான் கீழே ஆரோக்கியசாமியோடு பேசவேண்டும். சமவெளிக்கென எழுதிய ஒத்திகைச் செய்தியையே எனக்கும் தந்திருந்தார்கள். பன்னிரண்டு பத்துக்கு, "வெள்ளம் சூழ்ந்தது, இரண்டு படகுகள் அனுப்புக" என்று வாசித்தேன். அத்துடன் உலகமே ஊமையாயிற்று.

மின்கலத்தைச் சோதித்தேன், இணைப்புகளைக் கழற்றி மாட்டினேன். உதவிக்கு வந்திருந்த மலையூர்க்காரர் சடையன் பலாமரமேறிக் கம்பியை உலுக்கினார். குரல் திரும்ப இருபத்தேழு நிமிடங்கள் ஆயின. இறங்கிவந்து கையைத் தட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "மலை மேல படகு கேட்டீங்களே டீச்சர், அதான் எவனும் பதில் பேசல."

சாட்சி

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கமுண்டு. பேசவேண்டிய நேரத்தில் காணாமற்போனவர், அதைப்போல் இருமடங்கு நேரம் தாம் பேசாமல் காதுகொடுத்துக் கேட்டுக் குறிப்பெழுத வேண்டும். ஐம்பத்து நான்கு நிமிடங்கள் இரைச்சலைக் கேட்டு எழுதி முடித்தேன். அதுகூடப் பொறுக்கலாம், வெள்ளிமலை இருக்கை இனி வேறொருவருக்கு என்றார் ஆரோக்கியசாமி. "அந்த நேரம் மத்த இருக்கைக்காரங்க குரலும் உங்களுக்குக் கேக்கலையே?" என்றேன். "உங்க ஒரு செட்டு எல்லாரையும் ஊமையாக்கிடுச்சிங்க" என்றார்.

அவரை வீட்டிற்கு அழைத்து, சன்னலோரக் கணினியில் ஒத்திகை நாளின் கோட்டைக் காட்டினேன். பன்னிரண்டு பத்துக்குச் செங்குத்தாக ஏறி, மெல்லமெல்ல இறங்கியிருந்தது. சூரியச் சுடரின் கையெழுத்தே அது. அவர் சிரித்தார். "பக்கத்து வீட்டம்மா வடகம் காயப் போட்டிருப்பாங்க."

மதிற்சுவருக்கு அப்பாலிருந்து கஸ்தூரி நிமிர்ந்தாள். "அன்னிக்கு நான் ஊர்லயே இல்ல சார், திருநாவலூர் கோயிலுக்குப் போய்க்கினு இருந்தேன். அதும் இல்லாம, நான் திருப்பினா கோடு எறங்கும்; ஏறாது. டீச்சர் திட்டுன திட்டுல எனக்கே மனப்பாடம்."

ஆரோக்கியசாமி அடுத்த நாள் நண்பகல் தலையணி ஒலிப்பானை மாட்டிக்கொண்டு, இரைச்சலைக் கேட்டுக் குறிப்பெழுதத் தொடங்கினார். வெள்ளிமலை என்னிடமே இருக்கிறது. சூரியன் செய்த குற்றத்திற்கு, அவருடைய விதிப்படியே கருவியின்முன் அமர்ந்து அவர் எனக்குத் திருப்பிச் செலுத்தியது, நொடி பிசகாமல், ஐம்பத்து நான்கு நிமிடங்கள்.